‘ஆவாரா’வை முழுசாகக் காட்டுங்கள்: பழைய இந்திப் படங்களைக் கையில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பழைய இந்திப் படங்களின் உரிமையை வைத்திருக்கும் நிறுவனத்தாருக்கும், அவற்றை வாங்கிக் காட்டும் ஓடிடி தளங்கள், தொலைக்காட்சிகளின் நிர்வாகிகளுக்கும், தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் பொறுப்பாளர்களுக்கும்,

உங்களில் ஒருவருடைய தளத்தில் போன மாதம், ராஜ் கபூர் எடுத்து நடித்த ‘ஆவாரா’ பார்த்தேன். சந்தா கட்டித்தான் பார்த்தேன். பல காட்சிகளில் ராஜ் கபூரின் நெற்றிக்கு மேல் எதுவும் இல்லை. தெருவில் பாடிக்கொண்டே நடக்கிறார், காலைக் காணோம். கனவுக் காட்சி மொத்தமாகப் போய்விட்டது. தளத்தின் கஸ்டமர் கேருக்கு எழுதிக் கேட்டேன். உரிமையாளரிடமிருந்து வந்த பிரதி இதுதான் என்று பதில் வந்தது. உரிமையாளர் என்று அங்கே போட்டிருந்த நிறுவனத்துக்கு எழுதினேன். தளத்தின் தேவைக்கு ஏற்பத் தொகுத்துக் கொடுத்தோம் என்றார்கள். இவரைக் கேட்டால் அவரைக் கைகாட்டுகிறார், அவரைக் கேட்டால் இவரை. அதனால்தான் எல்லோருக்கும் சேர்த்து, எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். தளத்தின் பெயரையோ நிறுவனத்தின் பெயரையோ நான் சொல்லப்போவதில்லை. இந்தப் பழக்கம் ஒருவரோடு நிற்கவில்லை என்பது உங்களுக்கே தெரியும்.

நான் மும்பை செம்பூரில் பிறந்து வளர்ந்த தமிழச்சி. ராஜ் கபூரின் ஆர்.கே. ஸ்டுடியோ வாசலைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போனேன். என் அப்பா மாட்டுங்கா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ‘ஆவாரா’வின் தலைப்புப் பாட்டை எழுதிய சைலேந்திராவும் ஒரு காலத்தில் அதே ஒர்க்‌ஷாப்பில் வேலை கற்றுக்கொண்டவர். வீட்டு ரேடியோவில் அந்தப் பாட்டு வரும்போதெல்லாம் “நம்ம ஒர்க்‌ஷாப் ஆள் எழுதினது” என்று அப்பா சொல்லாமல் இருக்கமாட்டார். அந்தப் படத்தை நாங்கள் பக்கத்து வீட்டுக்காரர்களைப் போலத்தான் பார்த்து வளர்ந்தோம்.

கதை உங்களுக்குத் தெரியாதது இல்லை. ஆனால் நீங்கள் வெட்டியது என்ன என்று சொல்ல வேண்டுமானால் கதையைத் தொட்டுத்தான் ஆகவேண்டும்.

திருடன் மகன் திருடன்தான் ஆவான் என்று நம்புகிற நீதிபதி ரகுநாத். அந்த நம்பிக்கையை வைத்தே, குற்றம் செய்யாத ஜக்காவைத் தண்டிக்கிறார். பிறகு கொள்ளைக்காரனாகவே மாறிவிட்ட ஜக்கா நீதிபதியின் மனைவியைக் கடத்துகிறான். அவள் கர்ப்பமாக இருப்பது தெரிந்ததும் தொடாமல் திருப்பி அனுப்புகிறான். ஊர் வாயும் நீதிபதியின் சந்தேகமும் மீதி வேலையைப் பார்த்துக்கொள்ளும் என்று அவனுக்குத் தெரியும். அப்படியே நடக்கிறது. நிறைமாதத்துப் பெண் மழையில் வீட்டைவிட்டு வெளியே தள்ளப்படுகிறாள், தெருவில் பிள்ளை பெறுகிறாள். பம்பாய்ச் சேரியில் வளரும் அந்தப் பையன் ராஜ், பசியில் கிடக்கும் அம்மாவுக்காக ஒரு ரொட்டியைத் திருடிச் சிறைக்குப் போகிறான். வளர்ந்த பிறகு, சிறையில் கைக்கு வந்த ரொட்டியைப் பார்த்து, இது வெளியே கிடைத்திருந்தால் நான் ஏன் உள்ளே வரப்போகிறேன் என்கிறான். அவனை வளர்த்துத் திருடனாக்கியவன் அதே ஜக்கா.

குவாஜா அகமது அப்பாசும் வி.பி. சாட்டேவும் சேர்ந்து எழுதிய திரைக்கதை இது. பிறப்பா, வளர்ப்பா என்ற ஒரே கேள்வியை எடுத்துக்கொண்டு, கடைசிக் காட்சிவரை அதை விடாமல் பிடித்துக்கொண்டு போகிறது. படம் வெளிவந்தது 1951 டிசம்பர் 14. சில சமூகங்களைப் பிறப்பிலேயே குற்றவாளிகள் என்று எழுதிவைத்த குற்றப்பரம்பரைச் சட்டம் நாடு முழுக்க நீக்கப்பட்டது 1952 ஆகஸ்டில்தான். அதாவது இந்தப் படம் ஓடிய கொட்டகைக்கு வெளியே அந்தச் சட்டம் உயிரோடு இருந்தது. நீதிபதி ரகுநாத்தின் நம்பிக்கை வெறும் கதாபாத்திரத்தின் கிறுக்கு இல்லை, இந்த நாட்டின் சட்டப் புத்தகத்தில் இருந்தது. மதுரைப் பக்கத்துக் கள்ளர் ஊர்களில் அந்தச் சட்டத்தின்படி ரேகை வைக்க மறுத்தவர்கள் 1920-இல் பெருங்காமநல்லூரில் சுட்டுக்கொல்லப்பட்டதைத் தமிழர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இப்படிப்பட்ட படத்தை இரண்டு விளம்பரத்துக்கு நடுவே போடுகிற நிரப்புச் சரக்காக எப்படி உங்களால் நினைக்க முடிந்தது?

சரி, வெட்டுகளுக்கு வருகிறேன்.

முதலில் கனவு. ஒன்பது நிமிடம் போல நீளும் அந்தக் காட்சியை எடுக்க மூன்று மாதம் பிடித்தது என்பார்கள். மேகத்துக்கு நடுவே வளைந்து ஏறும் படிக்கட்டு, மேலே வெள்ளை உடையில் ராஜின் காதலி ரீத்தாவாக நர்கீஸ். கீழே தீயும் எலும்புக்கூடுகளுமாக நரகம். அங்கே மாட்டிக்கொண்ட ராஜ், எனக்கு இந்த நரகம் வேண்டாம், எனக்கும் பூவும் அன்பும் வேண்டும் என்று கதறுகிறான். ரீத்தா அவனைக் கைப்பிடித்து மேலே கூட்டிப்போகும்போது, கையில் கத்தியோடு மலை போல ஜக்கா நிற்கிறான். எல்லாம் இடிந்து விழ, அலறிக்கொண்டு எழுகிறான். அதற்குப் பிறகுதான் திருட்டை விடுகிறான், தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்கிறான். பழைய திருடன் என்று தெரிந்ததும் அங்கிருந்தும் துரத்தப்படுகிறான்.

எங்கள் குடியிருப்பில் கோடை விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் பழைய படங்கள் போட்டுக் காட்டுவேன். உங்கள் பிரதியை நம்பி இந்தப் படத்தையும் போட்டேன். எட்டாவது படிக்கும் பெண் ஒருத்தி நடுவில் எழுந்து, “ஆன்ட்டி, இவன் ஏன் திடீர்னு நல்லவனா மாறிட்டான்?” என்று கேட்டாள். கேள்வியில் தப்பே இல்லை. அவன் மாறுகிற இடத்தைத்தானே நீங்கள் தூக்கிவிட்டீர்கள்! அந்தக் கனவு இல்லாவிட்டால் ராஜ் திருந்துவதற்குக் காரணமே இல்லை. திருந்தியவனை உலகம் ஏற்றுக்கொள்ளாத வலியும் பார்ப்பவருக்கு ஏறாது. நான் வாயால் கதை சொல்லி ஒப்பேற்றினேன். மூன்று மாதம் விளக்குப் போட்டு, புகை போட்டு, அரங்கம் கட்டி ஒளிப்பதிவாளர் ராதூ கர்மாக்கரும் கலை இயக்குநர் எம்.ஆர். ஆச்ரேக்கரும் செய்ததை நான் நாற்காலியில் உட்கார்ந்து வாயால் சொல்ல வேண்டியதாயிற்று.

பாட்டுகள் தானே என்று நினைக்கிறீர்கள். தொலைக்காட்சியில் இன்னும் மோசம். ஒரு தடவை, நீதிபதி மனைவியைத் துரத்தும் இடத்தில் வருகிற கூட்டுப்பாட்டே போய்விட்டது. சீதையைக் காட்டுக்கு அனுப்பியதைத் தெருப்பாடகர்கள் பாடுகிறார்கள், வீட்டுக்குள் அதே அநியாயம் நடக்கிறது. ஊரார் பேச்சைக் கேட்டு நிறைமாதக்காரியை வெளியே அனுப்பிய அந்தப் பழைய கதையை ரகுநாத் மறுபடி செய்கிறார் என்று படம் முகத்துக்கு நேரே சொல்வது அங்கேதான். அந்தப் பாட்டை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒரு கோபக்காரப் புருஷன், அழுகிற பெண்டாட்டி. அது வேறு படம்.

அடுத்தது ஃபிரேம். ‘ஆவாரா’ எடுக்கப்பட்டது நாலுக்கு மூன்று என்ற அளவில். இப்போதைய டிவி பதினாறுக்கு ஒன்பது. இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வந்தால் பார்ப்பவர்கள் முணுமுணுப்பார்கள் என்று, படத்தைப் பெரிதாக்கி, மேலேயும் கீழேயும் வெட்டுகிறீர்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் படத்தின் உயரத்தில் கால் பங்கு போய்விடுகிறது. மூன்று மணி நேரப் படத்தில் ஒவ்வொரு ஃபிரேமிலும் கால் பங்கு!

என்ன போனது என்று என்னால் சொல்ல முடிகிறது. காரணம், முழுசாகவும் பார்த்திருக்கிறேன். 2024 டிசம்பரில் ராஜ் கபூர் நூற்றாண்டுக்காக அவருடைய பத்துப் படங்களை 40 ஊர்களில் 135 திரையரங்குகளில் போட்டார்கள். டிக்கெட் 100 ரூபாய். அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். தலைப்புப் பாட்டில் ராஜ் நடந்து வரும்போது அப்பா என் கையைத் தட்டிக் காட்டியது முகத்தை இல்லை, காலை. மடித்துவிட்ட கால்சட்டை, கிழிந்த ஷூ. வீடில்லை, வாசலில்லை என்று வாய் பாடுகிறது. அதைக் கால் காட்டுகிறது. உங்கள் பிரதியில் அந்தப் பாட்டு முட்டியோடு முடிந்துபோகிறது. முகம் சிரிக்கிறது, அவ்வளவுதான் தெரிகிறது. ஏதோ ஜாலியான ஆள் ஒருவன் பாடிக்கொண்டு போகிறான் என்றுதான் புதிதாகப் பார்ப்பவர் நினைப்பார்.

ஒரு காட்சியை மட்டும் சொல்லாமல் விட மனசு வரவில்லை. ரீத்தாவின் பிறந்தநாள். ராஜ் அவளுக்கு ஒரு நெக்லஸ் தருகிறான், பெட்டி இல்லாமல். நீதிபதி, அவள் வளர்ப்புத் தந்தை, ஒரு நகைப்பெட்டி தருகிறார். அதில் நெக்லஸ் இல்லை. தெருவில் யாரோ பறித்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்தக் காலிப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நர்கீஸ் பார்க்கிற பார்வை இருக்கிறதே, வசனம் எதுவும் தேவையே இல்லை. காதலன் திருடன் என்பது அவளுக்கு அங்கே தெரிந்துவிடுகிறது. திருடியது அப்பாவிடமிருந்து என்பது திருடிய மகனுக்கும் தெரியாது, பறிகொடுத்த அப்பாவுக்கும் தெரியாது. குடும்பமும் குற்றமும் ஒரே பெட்டிக்குள். உங்கள் பிரதியில் அவள் முகம் இருந்தது. கையில் இருந்த பெட்டி பாதிதான் இருந்தது.

வெட்டாமல் காட்டுங்கள் என்று கேட்கும்போது, எனக்குப் பிடிக்காததையும் சேர்த்துத்தான் கேட்கிறேன். கடற்கரைக் காட்சியில் ராஜ் ரீத்தாவை அறைவதை என்னால் ஒரு நாளும் ஏற்றுக்கொள்ள முடிந்ததில்லை. அதைக் காதல் என்று காட்டியதற்காக இந்தப் படத்தோடு எனக்குச் சண்டை உண்டு. பிள்ளைகளோடு அதைப் பற்றி நிறையப் பேசினோம். பேசுவதற்கு அது திரையில் இருக்க வேண்டும். நல்லதை மட்டும் வைத்துக்கொள்ளும் அதிகாரத்தை உங்களுக்கும் கொடுக்கவேண்டாம், எனக்கும் வேண்டாம்.

தலைப்பு எழுத்துகளையும் பாதியில் தாவிவிடுகிறீர்கள். இது சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். அப்பா ரகுநாத்தாக நடித்த பிரித்விராஜ் கபூர் ராஜ் கபூரின் சொந்த அப்பா. சின்ன ராஜாக வருவது தம்பி சசி கபூர். தொடக்கத்தில் ராஜின் வழக்கை விசாரிக்கிற நீதிபதியாக உட்கார்ந்திருப்பவர் தாத்தா பஷேஷ்வர்நாத் கபூர். அப்பன் மகனை ஏற்றுக்கொள்ளாத கதையை ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறை கூடி நடித்திருக்கிறது. இசையமைத்த சங்கர் ஜெய்கிஷன், பாட்டெழுதிய ஹஸ்ரத் ஜெய்ப்பூரி, பாடிய முகேஷ், லதா, ஆச்ரேக்கர், கர்மாக்கர் எல்லோருடைய பேரும் ‘ஸ்கிப்’ பொத்தானுக்குள் போகிறது.

சப்டைட்டில் என்றால், பாட்டு வந்தவுடன் ஒரு இசைக்குறி போட்டுவிட்டு நின்றுவிடுகிறீர்கள். திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த என் அத்தை, “பாட்டுல என்னடி சொல்றான்?” என்று ஒவ்வொரு பாட்டுக்கும் என்னைக் கேட்டாள். படத்தின் பாதிப் பேச்சு பாட்டில்தான் இருக்கிறது. தமிழில் சப்டைட்டில் தேடினேன், அது இல்லவே இல்லை.

இனி, உங்களால் முடியாதது எதையும் நான் கேட்கவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். தேசியத் திரைப்பட மரபு இயக்கத்தின் கீழ் 2,200 படங்களைப் புதுப்பிக்க 363 கோடி ரூபாய் என்று 2022-இல் அரசு அறிவித்தது. எங்கள் வரிப்பணம்தான். ‘ஆவாரா’வையே 4கே தரத்தில் புதுப்பித்து 2024-இல் டொராண்டோ திரைப்பட விழாவில் காட்டினார்கள். ஆக, நல்ல பிரதி இருக்கிறது. டொராண்டோவில் இருப்பவர் முழுப்படம் பார்க்கலாம், படம் எடுத்த இடத்திலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கும் என் வீட்டில் கால் பங்கு வெட்டிய படம்தான் வரும் என்பது என்ன நியாயம்? 1975-இல் தணிக்கைக்காக மாற்றிய ‘ஷோலே’யின் முடிவை 50 ஆண்டு கழித்து 2025-இல் மீட்டுத் திரையிட்டார்கள். அன்று வெட்டச் சொன்னது அதிகாரம். இன்று யாரும் சொல்லாமல் நீங்களாகவே வெட்டுகிறீர்கள்.

திரைப்படத்துக்குக் காப்புரிமை 60 ஆண்டு, 1951 படத்துக்கு அது எப்போதோ தீர்ந்தது, இனி யார் என்ன செய்தால் என்ன என்று ஒரு பேச்சு இருக்கிறது. காப்புரிமை தீர்ந்தால் எல்லோரும் காட்டலாம் என்பது உண்மை. ஆனால் படைப்பைச் சிதைப்பதை எதிர்க்கும் உரிமையைப் படைப்பாளிக்கும் வாரிசுகளுக்கும் தருகிற 57-ஆவது பிரிவும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது. அதைவிட, காசு வாங்கிக்கொண்டு ‘ஆவாரா’ என்று பெயர் போட்டு வேறொன்றைக் காட்டுவது வாடிக்கையாளருக்குச் செய்கிற துரோகம். இதற்குச் சட்டப் புத்தகம் புரட்ட வேண்டாம்.

இன்னொரு பயமும் இருக்கிறது. 2025 ஆகஸ்டில் ‘ராஞ்சனா’வின் தமிழ் வடிவமான ‘அம்பிகாபதி’யை, செயற்கை நுண்ணறிவால் முடிவை மாற்றி, சாகிற நாயகனைப் பிழைக்கவைத்து மறுபடி வெளியிட்டார்கள். இயக்குநர் ஆனந்த் எல். ராயும் தனுஷும் எதிர்த்தும் அது நிற்கவில்லை. உயிரோடு இருப்பவர்கள் எதிர்த்தே தடுக்க முடியவில்லை என்றால், போய்ச் சேர்ந்தவர்களின் படத்துக்கு யார் பேசுவார்கள்? ‘ஆவாரா’வில், ரகுநாத்தைக் கொல்ல முயன்றதாக நடக்கும் வழக்கில் ராஜ் விடுதலையாவதில்லை. குற்றத்தின் கிருமி எனக்குப் பெற்றவர்களிடமிருந்து வரவில்லை, எங்கள் சால் குடியிருப்புக்குப் பக்கத்துச் சாக்கடையிலிருந்து வந்தது, என்னை விடுங்கள், அங்கே வளர்கிற மற்ற பிள்ளைகளைப் பாருங்கள் என்று நீதிமன்றத்தில் சொல்லிவிட்டு, மூன்று ஆண்டுத் தண்டனையை ஏற்றுக்கொள்கிறான். அம்மா இறந்துபோகிறாள். அப்பா சிறைக் கம்பிக்கு வெளியே நின்று மன்னிப்புக் கேட்கிறார். இதில் எதையாவது ‘சந்தோஷமாக’ மாற்றலாம் என்று நாளைக்கு யாருக்காவது தோன்றினால், அதைத் தடுக்க இன்றைக்கு உங்களிடம் ஒரு விதியும் இல்லை.

2017 செப்டம்பரில் ஆர்.கே. ஸ்டுடியோவில் தீப்பிடித்தபோது எங்கள் மாடியிலிருந்து புகையைப் பார்த்தோம். நர்கீஸ் காலத்து உடைகள் வரை எரிந்துபோயின. 2019-இல் இடம் விற்கப்பட்டு, குடியிருப்பு கட்டப் போய்விட்டது. அது குடும்பத்தின் சொத்து, அவர்களுக்கு என்ன கஷ்டமோ, அதைக் கேட்க நான் யார். இப்போது செம்பூரில் காட்டுவதற்கு ஒன்றும் இல்லை. படம் ஒன்றுதான் இருக்கிறது. அதையும் துண்டு போட்டால் என்னால் சும்மா இருக்க முடியாது.

வரும் 2026 டிசம்பர் 14-ஆம் தேதியோடு ‘ஆவாரா’ வெளிவந்து 75 ஆண்டு ஆகிறது. அதற்குள் நீங்கள் செய்ய வேண்டியவை இவை.

ஓடிடி தளத்தாரே, தொலைக்காட்சியினரே: படத்தை எடுத்த அளவிலேயே காட்டுங்கள். பக்கத்தில் கறுப்புப் பட்டை வரட்டும். எங்களுக்குப் பழகிவிடும். பாட்டு, கனவு, தலைப்பு எழுத்து எதையும் எடுக்காதீர்கள். நேரம் போதவில்லை என்று தொலைக்காட்சியில் குறைத்தே ஆகவேண்டுமானால், ‘குறைக்கப்பட்ட பிரதி’ என்று படம் தொடங்கும் முன்பே எழுதிக் காட்டுங்கள், எத்தனை நிமிடம் போனது என்பதோடு. பாட்டுகளுக்கும் சப்டைட்டில் போடுங்கள். தமிழ் உட்பட எந்தெந்த மொழியில் சந்தா வாங்குகிறீர்களோ அந்த மொழிகளிலெல்லாம் போடுங்கள்.

உரிமையாளர்களே: படத்தை விற்கும்போது ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள். அளவை மாற்றக் கூடாது, காட்சியை நீக்கக் கூடாது, செயற்கை நுண்ணறிவால் முகத்தையோ முடிவையோ தொடக் கூடாது. இந்த வரி ‘ஆவாரா’வுக்கு மட்டும் இல்லை, உங்கள் கிடங்கில் இருக்கும் அத்தனை பழைய படத்துக்கும் வேண்டும்.

திரைப்பட வளர்ச்சிக் கழகத்தாரே: பொதுப்பணத்தில் புதுப்பித்த படங்கள் எவை, அவற்றை வீட்டிலிருந்தே பொதுமக்கள் எங்கே முழுசாகப் பார்க்கலாம் என்று ஒரு பட்டியல் வெளியிடுங்கள். புதுப்பித்த பிரதியை ஒரு தளத்துக்குக் கொடுத்தால், அதை வெட்டக் கூடாது என்பதை நிபந்தனையாக வையுங்கள். டிசம்பர் 14 அன்று ‘ஆவாரா’வின் புதுப்பித்த பிரதியை நாடு முழுக்கத் திரையரங்குகளில், 2024-இல் வைத்த அதே 100 ரூபாய்க்குப் போடுங்கள். செம்பூரில் ஒரு காட்சியாவது இருக்கட்டும்.

இதற்குப் பதில் எனக்குத் தனியாக எழுத வேண்டாம். உங்கள் தளத்தில், படத்தின் பக்கத்திலேயே, இது முழுப்பிரதியா இல்லையா என்று போடுங்கள். அதைப் பார்த்துத்தான் இந்த ஆண்டுச் சந்தாவைப் புதுப்பிப்பதா வேண்டாமா என்று நானும், இந்த மடலைப் படிக்கிற மற்றவர்களும் முடிவு செய்வோம்.

இப்படிக்கு,
செம்பூரிலிருந்து ஒரு சந்தாதாரர்